பேச்சிப்பாறை தண்ணீரும் சர்வர் ரூம் டேட்டாவும்: அட்மின் வேலைக்குப் போகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்!

2017 நவம்பர் 30-ம் தேதியைக் குமரி மாவட்டம் மறக்காது. ஒக்கி புயல் கடலில் இருந்த மீனவர்களைக் கொண்டுபோனது. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. செல்போன்கள் வேலை செய்யவில்லை. பல ஊர்களில் மின்சாரம் திரும்பி வரப் பல நாள்கள் ஆயின.

அப்படி ஒரு நாளில், ஒரு மருத்துவமனையிலோ கூட்டுறவு சங்கத்திலோ கல்லூரியிலோ மூலை அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு என்ன ஆகும்? யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். ஜெனரேட்டர், டீசல் இருக்கும்வரை ஓடும். அதன் பிறகு? நோயாளியின் பழைய ரிப்போர்ட், அடகு வைத்த நகையின் கணக்கு, மாணவியின் மதிப்பெண் எல்லாம் பத்திரமாகத் திரும்பக் கிடைக்குமா என்பது, அங்கே வேலை பார்க்கும் சர்வர் அட்மின் புயலுக்கு முன்பே என்ன செய்து வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது.

குமரி மாவட்டத்தில் டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு திருவனந்தபுரம் டெக்னோபார்க், சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று இந்த வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் இரவு ரெய்டு, நாஸ், சான், விலான், டிஎன்எஸ் என்று எல்லாவற்றின் விரிவாக்கத்தையும் மனப்பாடம் செய்வார்கள். மறுவாரமே மறந்தும்போகும். ஒவ்வொரு சொல்லைப் பார்க்கும்போதும், ‘இது பழுதானால் யாருக்கு எது நின்றுபோகும்?’ என்று கேட்டுப்பாருங்கள். பிறகு மறக்காது.

நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல வழியும் இருக்கிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. பெருஞ்சாணிக்கு 77 அடி. அங்கே தேங்கும் தண்ணீர் தோவாளை கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில்நாடு புத்தனார் கால்வாய் என்று பிரிந்து, குளங்களை நிரப்பி, மடை வழியாகக் கன்னிப்பூ, கும்பப்பூ வயல்களுக்குப் போகிறது. தேக்கி வைப்பது ஸ்டோரேஜ். கொண்டுபோய்ச் சேர்ப்பது நெட்வொர்க். சர்வர் அட்மினின் வேலை இந்த இரண்டுக்குள்தான் வருகிறது.

முதலில் முகவரி

நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, நெட்வொர்க் கார்டிலேயே பதிந்து வரும் மேக் முகவரி. இன்னொன்று, இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கிடைக்கும் ஐபி முகவரி. ஆளின் கைரேகையும் வீட்டு முகவரியும்போல. வீடு மாறினால் முகவரி மாறும், ரேகை மாறாது. ஒரே அலுவலகத்துக்குள் மேக் முகவரியைப் பார்த்துத் தகவலைப் பிரித்துக்கொடுப்பது சுவிட்ச். ஐபி முகவரியைப் பார்த்து ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது ரவுட்டர். வெளியே போக வேண்டிய தகவல் எந்த ரவுட்டர் வழியாகப் போக வேண்டுமோ, அதுதான் கேட்வே.

பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகத்துக்குப் போதவில்லை. அதனால்தான் அலுவலகத்துக்குள் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுத்து, வெளியே எல்லோருக்குமாக ஒரே பொது முகவரியைக் காட்டும் நாட் முறை வந்தது. இன்னும் பெரிய எண்களைக் கொண்ட ஐபிவி6-ம் வந்தது.

சப்நெட் என்பது பெரிய நெட்வொர்க்கை வார்டு வார்டாகப் பிரிப்பது. ‘/24’ என்று போட்டிருந்தால் அந்த வார்டில் 256 முகவரிகள். முதலும் கடைசியும் நெட்வொர்க்கின் சொந்த உபயோகத்துக்குப் போய்விடும். கருவிகளுக்கு மிஞ்சுவது 254.

டிஹெச்சிபி என்பது முகவரியைப் பாட்டத்துக்கு விடும் ஆள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். அந்தக் காலத்துக்குப் பெயரே ‘லீஸ்’. காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். சர்வருக்கும் பிரின்டருக்கும் மட்டும் மாறாத முகவரி தருவது நல்லது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உதவக்கூடிய ஒரு குறிப்பு: விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். கேபிளையும் டிஹெச்சிபி சர்வரையும் பாருங்கள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

பெயர் தெரியாவிட்டால் ஊரே இல்லை

மனிதர்களுக்குப் பெயர்தான் நினைவிருக்கும், எண் இருக்காது. இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதற்கான ஐபி எண்ணைத் தேடித்தருவது டிஎன்எஸ். ‘என்னிடம் இந்த முகவரிகள் இருக்கின்றன, என் வழியாக வாருங்கள்’ என்று உலகின் பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறை பிஜிபி.

இந்த இரண்டும் சேர்ந்து படுத்தால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு நாம் எல்லோருமே பார்த்தோம். இந்திய நேரப்படி 9 மணிக்குப் பிறகு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. டேட்டா சென்டர்களைத் தொட முடியாததால், நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் தங்களுக்கான பிஜிபி அறிவிப்பைத் தாமாகவே விலக்கிக்கொண்டன. சர்வர்களில் தகவல் அப்படியே இருந்தது. உலகத்துக்குத்தான் அங்கே போகும் வழி தெரியவில்லை.

சின்ன அலுவலகத்திலும் இதே கதை நடக்கும். ‘நெட் இல்லை’ என்று புகார் வந்தால், ஐபி எண்ணுக்கு ‘பிங்’ செய்து பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் பழுது இணைப்பில் இல்லை, டிஎன்எஸ்ஸில்.

கடைமடைக்கு எப்போது வரும்?

கால்வாயின் அகலம் பேண்ட்வித். திறந்துவிட்ட தண்ணீரில் உண்மையாக வயலில் வந்து பாய்ந்தது எவ்வளவோ, அது த்ரூபுட். ஷட்டர் திறந்ததிலிருந்து முதல் தண்ணீர் கடைமடைக்கு வர ஆகும் நேரம் லேட்டன்சி. வழியில் கசிந்துபோவது பாக்கெட் லாஸ்.

பேண்ட்வித்தைப் பணம் கொடுத்து அதிகமாக்கலாம். லேட்டன்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குச் சுமார் 700 கிலோமீட்டர். போய்த் திரும்பி வரக் குறைந்தது 7 மில்லிசெகண்ட் ஆகும். நடுவில் இருக்கும் ரவுட்டர்களின் தாமதம் இதற்கு மேல். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் இது நூறு மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். எந்த பிளான் போட்டாலும் இந்த நேரம் குறையாது.

இன்னொரு குழப்பம், பிட்டும் பைட்டும். இணைய நிறுவனம் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, நொடிக்கு 12.5 மெகாபைட்தான் கிடைக்கும். இந்த வேகத்தில் 1 டெராபைட்டை இறக்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பேக்கப்பைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

ஷட்டரும் தொட்டிப்பாலமும்

ஒரு சர்வரில் பல சேவைகள் ஓடும். எந்தச் சேவைக்கு எந்த வாசல் என்பதைச் சொல்லும் எண் போர்ட். பாதுகாப்பான இணையதளத்துக்கு 443, லினக்ஸ் சர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கு 22, டிஎன்எஸ்ஸுக்கு 53, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கு 445. எந்த வாசலைத் திறப்பது, யாருக்குத் திறப்பது என்று முடிவுசெய்யும் ஷட்டர்தான் ஃபயர்வால்.

ஒக்கி வந்த அதே 2017-ல், மே மாதம், வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அது நுழைந்த வாசல் 445. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களும், தேவையில்லாமல் வாசலைத் திறந்து வைத்திருந்தவர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள்.

விலான் என்பது ஒரே சுவிட்சுக்குள் போடும் தடுப்புச்சுவர். சிசிடிவி கேமரா ஒரு பக்கம், அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் ஒரு பக்கம், விருந்தினர் வைஃபை ஒரு பக்கம். ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் அடுத்ததற்கு எளிதில் போகாது.

விபிஎன் புரியவில்லை என்பவர்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே பறளியாறு ஓடுகிறது. சுமார் 115 அடி உயரத்தில், தொட்டிக்குள், பட்டணங்கால்வாய்த் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. ஆற்றைக் கடக்கிறது, ஆற்றோடு கலப்பதில்லை. விபிஎன்னும் பொது இணையத்தின் மேலேயே தனிக்குழாய் போட்டு, ரகசியக் குறியீட்டில் அலுவலகத் தகவலைக் கொண்டுபோகிறது. வீட்டிலிருந்து அலுவலக சர்வரைத் தொட வேண்டும் என்றால் 3389-ஐ ஊருக்கே திறந்து வைக்கக் கூடாது. விபிஎன் வழியாகப் போக வேண்டும்.

அணையா, குளமா?

இனி ஸ்டோரேஜ். சர்வருக்குள்ளேயே அல்லது சர்வரோடு நேரடியாகப் பொருத்திய டிஸ்க்குகள் டாஸ். வீட்டுக் கிணறுபோல. அந்த வீட்டுக்குப் பயன்படும், பக்கத்து வீட்டுக்காரர் அந்த வீட்டைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல், ஃபோல்டராகப் பார்த்து எடுத்துக்கொள்ளும் பொதுப் பெட்டி நாஸ். இது ஊர்க்குளம். பல சர்வர்களுக்கு டிஸ்க்கையே பங்கு பிரித்துக் கொடுக்கும் பெரிய ஏற்பாடு சான். இது அணை. அதிலிருந்து ஒரு சர்வருக்கு ஒதுக்கும் பங்கின் பெயர் லன். அந்தப் பங்கை சர்வர் தன் சொந்த டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும்.

தகவலை எந்த வடிவத்தில் கொடுக்கிறோம் என்பதை வைத்தும் பிரிக்கலாம். சான் கொடுப்பது பிளாக் ஸ்டோரேஜ். டேட்டாபேஸுக்கு ஏற்றது. நாஸ் கொடுப்பது ஃபைல் ஸ்டோரேஜ். அலுவலகத்துக்குப் பொதுவான ஃபோல்டர்களுக்கு ஏற்றது. படம், வீடியோ, பழைய பேக்கப் என்று கோடிக்கணக்கில் சேருபவற்றுக்கு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ். கிளவுட் நிறுவனங்கள் மலிவாகத் தருவது இதைத்தான்.

டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்ப்பது பலரின் பழக்கம். நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்பதைச் சொல்லும் ஐஓபிஎஸ் எண்ணையும் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பதைத் தாண்டத் திணறும். எஸ்எஸ்டி பல ஆயிரங்களில் ஓடும். மருத்துவமனை பில்லிங் கவுன்ட்டரில் ‘சிஸ்டம் ஸ்லோ சார்’ என்று சொல்லும்போது, பல நேரம் குற்றவாளி இன்டர்நெட் அல்ல, உள்ளே மூச்சுமுட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்.

ரெய்டு இருக்கிறதே, பிறகென்ன?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இதுதான். 1988-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வந்த பெயர் ரெய்டு. பல சாதாரண டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்போல் நடத்தும் முறை.

தலா 4 டெராபைட் உள்ள நான்கு டிஸ்க் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரெய்டு 0 போட்டால் 16 டெராபைட்டும் கிடைக்கும், ஆனால் ஒரு டிஸ்க் போனால் எல்லாமே போச்சு. ரெய்டு 5-ல் 12 டெராபைட். ஒரு டிஸ்க் போனாலும் பிழைக்கும். ரெய்டு 6-ல் 8 டெராபைட். எந்த இரண்டு போனாலும் பிழைக்கும். ரெய்டு 10-லும் 8 டெராபைட்தான், வேகம் அதிகம். ஆனால் ஒரே ஜோடியில் இருக்கும் இரண்டும் போனால் பிழைக்காது. பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 ஆபத்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. போன டிஸ்க்கை மாற்றி மறுபடி நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அதே வயதுள்ள இன்னொரு டிஸ்க்கும் போகலாம்.

ஆனால் ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும்தான். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். ரான்சம்வேர் பூட்டினால் எல்லாமே பூட்டிக்கொள்ளும். இடி விழுந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் பெட்டியோடு போகும். பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் இரண்டு அணைகள்தான். ஆனால் இரண்டுக்கும் தண்ணீர் வருவது ஒரே மலைப்பகுதியிலிருந்து. அந்த மலையில் மழை பொய்த்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

ஐந்து பேக்கப்பும் கைவிட்ட இரவு

ஸ்னாப்ஷாட் என்பது அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருந்தது என்ற பதிவு. நொடியில் எடுக்கலாம், நொடியில் திரும்பலாம். ஆனால் பெரும்பாலும் அது அதே டிஸ்க்கில்தான் இருக்கும். ரெப்ளிகேஷன் என்பது ஒரு சர்வரில் நடப்பதை இன்னொன்றில் உடனுக்குடன் படியெடுப்பது. மேலே சாயம் கலந்தால் கீழேயும் சாயம்தான் வரும். பேக்கப் என்பது தனியே, வேறு இடத்தில், பழைய தேதிகளோடு இருக்கும் படி. மூன்றும் வேறு வேறு.

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ரெப்ளிகேஷன் கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். சட்டென்று நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட் போய்விட்டது. பேக்கப்பைத் தேடினார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தினமும் எடுப்பதாக நினைத்திருந்த பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதற்குப் பிறகான ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

நடந்ததை மறைக்காமல் அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. அதனால்தான் உலகம் முழுக்க அட்மின்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது என்பதுதான் பாடம்.

எவ்வளவு இழக்கலாம், எவ்வளவு காத்திருக்கலாம்?

நிர்வாகத்திடம் பேச வேண்டிய இரண்டு சொற்கள் ஆர்பிஓ, ஆர்டிஓ. எத்தனை மணி நேரத் தகவலை இழந்தால் தாங்குவோம் என்பது ஆர்பிஓ. எத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும் என்பது ஆர்டிஓ. தினமும் இரவு மட்டும் பேக்கப் எடுத்தால், மோசமான நாளில் ஒரு நாள் வேலை போகும். கூட்டுறவு சங்கத்தில் ஒரு நாள் ரசீது முழுவதையும் மறுபடி எழுத முடியுமா? முன்பு போட்ட கணக்கையும் இங்கே சேருங்கள். 10 டெராபைட் பேக்கப் கிளவுடில் இருக்கிறது, இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால், எல்லாவற்றையும் திரும்ப இறக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ‘நாலு மணி நேரத்தில் சரியாகிவிடும்’ என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கிய 3-2-1 விதி எல்லோருக்கும் பொருந்தும். மூன்று படிகள், இரண்டு வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில்.

வேறு ஊர் எதற்கு? 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26-ம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் அழிந்தது. 858 டெராபைட். அளவு பெரியது என்ற காரணத்தால் வெளியே பேக்கப் எடுக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்னால் நிற்கும் நாட்டில் நடந்தது இது.

நாகர்கோவில் சர்வருக்குக் குளச்சலில் பேக்கப் வைத்தால் ஒக்கி இரண்டையும் தொட்டிருக்கும். சென்னையில் வைக்கலாம், ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையும் பார்த்தது. நாகர்கோவிலும் பேக்கப் இருக்கும் ஊரும் ஒரே நாளில் ஒரே ஆபத்தில் மாட்டாமல் இருந்தால் போதும்.

படியெடுத்து வைப்பதன் அருமை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படித்துப் படியெடுத்தார். ஆய்வாளர் அ.கா.பெருமாள் பின்னர் அவற்றை நூலாகக் கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டின் பழைய நாள்களை இன்று நாம் படிக்க முடிவது அதனால்தான். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. அவை திரும்பி வரவே இல்லை.

இந்த வாரமே செய்யலாம்

* உங்கள் பொறுப்பில் இருக்கும் எல்லாக் கருவிகளின் ஐபி முகவரி, வேலை, இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். சர்வர் படுத்த நாளில் சர்வருக்குள் இருக்கும் பட்டியல் உதவாது.
* வெளியே திறந்திருக்கும் போர்ட்களைச் சரிபாருங்கள். ஏன் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாததை மூடுங்கள்.
* பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் மீட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
* ஒரு படியாவது நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியே இருக்கட்டும். ரான்சம்வேர் அதைத் தொட முடியாது.
* யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது, அதற்குள் சர்வர் தானாக ஒழுங்காக அணைகிறதா என்று சோதியுங்கள்.

சர்வர் அட்மின் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் அப்பாவின் குரல் பதிவும் ஒரே ஒரு போனில்தான் இருக்கிறதா? இன்றைக்கே இன்னொரு படி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.